ஃபாக்லாந்து: நலனா, விருப்பமா?

தென் அட்லாண்டிக் கடலில், அர்ஜென்டினாவின் படகோனியக் கரையிலிருந்து ஏறக்குறைய 480 கிலோமீட்டர் கிழக்கே இரண்டு பெரிய தீவுகளும், அவற்றைச் சுற்றி 700க்கும் மேற்பட்ட சிறு தீவுகளும் திட்டுகளும் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்து 12,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இயற்கையாக மரம் வளராத, காற்று ஓயாத புல்வெளி. மக்கள் 3,600 பேர் சொச்சம். செம்மறி ஆடுகள் ஏறத்தாழ ஐந்து லட்சம். இந்தத் தீவுகளை ஆளும் பிரிட்டன் இருப்பதோ 12,000 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆங்கிலத்தில் இவற்றின் பெயர் ஃபாக்லாந்து. ஸ்பானிய மொழியில் மால்வினாஸ். எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்பதால் ஐ.நா. ஆவணங்கள் ஒன்றை எழுதி மற்றதை அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்கின்றன.

பெயர்களுக்குள்ளேயே வழக்கின் பாதி இருக்கிறது. 1690இல் ஜான் ஸ்ட்ராங் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் இரு பெரிய தீவுகளுக்கும் இடைப்பட்ட கடற்காலில் நுழைந்து, ஃபாக்லாந்து பிரபுவின் பெயரை அதற்கு இட்டார். பின்னர் அந்தப் பெயர் தீவுகளின் மேலும் ஏறிக்கொண்டது. ஆனால் முதலில் குடியேறியது ஆங்கிலேயர் அல்லர், ஸ்பானியரும் அல்லர். 1764இல் பிரெஞ்சுக்காரரான பூகன்வில் கிழக்குத் தீவில் போர் லூயி என்ற குடியிருப்பை அமைத்தார். புறப்பட்ட துறைமுகம் பிரான்சின் சான் மாலோ. அந்த ஊர்ப் பெயரிலிருந்து பிரெஞ்சில் மாலுவீன் என்ற பெயர் பிறந்தது. ஸ்பானிய நாவில் அது மால்வினாஸ் ஆயிற்று. அர்ஜென்டினாவின் உணர்வோடு கலந்துவிட்ட அந்தச் சொல்லின் வேர் ஒரு பிரெஞ்சுத் துறைமுகத்தில் இருக்கிறது.

1765இல் ஜான் பைரன் மேற்குத் தீவையொட்டிய சாண்டர்ஸ் தீவில் இறங்கிப் பிரிட்டனுக்கு உரிமை கோரினார். அடுத்த ஆண்டு அங்கே போர்ட் எக்மான்ட் குடியிருப்பு எழுந்தது. 1767இல் பிரான்ஸ் தன் குடியிருப்பை ஸ்பெயினிடம் ஒப்படைத்து, போட்ட பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரே கூட்டத் தீவுகளில் கிழக்கே ஸ்பெயின், மேற்கே பிரிட்டன். 1770இல் ஸ்பானியப் படை ஆங்கிலேயரை விரட்டியபோது இரு பேரரசுகளும் போரின் விளிம்புவரை போயின. அடுத்த ஆண்டு ஸ்பெயின் குடியிருப்பைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் தீவின் மேலுள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் எழுதிவைத்தது. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், இந்த வறண்ட தீவுக்காகப் போர் தொடுப்பது வீண் என்று வாதிட்டு அப்போது ஒரு சிறு நூலே எழுதினார். 1774இல் செலவு தாளாமல் பிரிட்டன் வெளியேறியது. இது எங்கள் உடைமை என்று பொறித்த உலோகத் தகடு ஒன்றை விட்டுப் போனது. 1811இல் ஸ்பெயினும் அதேபோல் ஒரு தகட்டை விட்டுவிட்டுக் கிளம்பியது. குடியிருப்பு ஏதுமின்றித் தீவு கிடந்தது.

ஸ்பெயினிடமிருந்து 1816இல் விடுதலை அறிவித்த அர்ஜென்டினா, ஸ்பெயின் ஆண்ட நிலமெல்லாம் தனக்கு வாரிசுரிமையாக வந்தது என்றது. பேரரசு விட்டுச் சென்ற எல்லையே புதிய நாட்டின் எல்லை என்பது தென் அமெரிக்கா முழுவதும் ஏற்றுக்கொண்ட கொள்கை. 1820இல் டேவிட் ஜூவெட் தீவில் அந்நாட்டுக் கொடியை ஏற்றினார். 1829இல் லூயிஸ் வெர்னே என்ற வணிகரை பியூனஸ் அயர்ஸ் அரசு ஆளுநராக அமர்த்தியது. வெர்னே காரியக்காரர், முன்கூட்டியே பிரிட்டிஷ் தூதரகத்துக்கும் தன் குடியேற்றத் திட்டத்தைத் தெரிவித்து வைத்திருந்தார். 1831இல் அனுமதியின்றிக் கடல்நாய் வேட்டையாடிய அமெரிக்கக் கப்பல்களை அவர் பிடித்துவைத்தார். பதிலுக்கு அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வந்து குடியிருப்பைச் சூறையாடிவிட்டுப் போனது. அந்தக் குழப்பத்தின் நடுவே, 1833 ஜனவரி 3ஆம் தேதி, கிளியோ என்ற கப்பலில் வந்த கேப்டன் ஆன்ஸ்லோ அர்ஜென்டினக் கொடியை இறக்கிப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அங்கிருந்த சிறு காவல்படை சண்டையிடாமல் கப்பலேறியது.

இன்றைய சச்சரவின் வேர் அந்த ஒரு நாளில் இருக்கிறது. தன் மக்கள் அன்று வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டு, அவர்கள் இடத்தில் பிரிட்டன் தன் ஆட்களை நட்டுவைத்தது என்பது அர்ஜென்டினாவின் கூற்று. வெளியேறியது காவல்படை மட்டுமே, குடியானவர்களை இருக்கச் சொல்லியே கேட்டோம் என்பது பிரிட்டனின் மறுப்பு. 1850இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை பழைய பிணக்குகளை முடித்துவிட்டது என்று பிரிட்டிஷ் தரப்பு காட்டும். அதில் தீவுகளின் பெயரே இல்லையே என்று எதிர்த்தரப்பு கேட்கும். எந்த நீதிமன்றமும் இதைத் தீர்க்கவில்லை. தென்கிழக்கே உள்ள தென் ஜார்ஜியா போன்ற சார்புப் பகுதிகளின் வழக்கை உலக நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லப் பிரிட்டன் முன்வந்தது, அர்ஜென்டினா ஒப்பவில்லை. ஃபாக்லாந்தையே வழக்கு மன்றத்தில் நிறுத்தப் பிரிட்டனும் முன்வரவில்லை. தன் பட்டயத்தில் ஓட்டை இருக்குமோ என்ற ஐயம் இருவருக்குமே இருந்ததாகத்தான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

அடுத்த நூறாண்டு ஆடு வளர்ப்பும் கம்பளியும்தான் தீவின் கதை. ஸ்காட்லாந்திலிருந்தும் வேறு பிரிட்டிஷ் பகுதிகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேரூன்றின. தலைநகர் ஸ்டான்லிக்கு வெளியே உள்ள நாட்டுப்புறத்தை அவர்கள் இன்றும் ‘கேம்ப்’ என்கிறார்கள்; வயல்வெளியைக் குறிக்கும் ‘காம்போ’ என்ற ஸ்பானியச் சொல்லின் மருவு அது. உலக வரலாறு ஒருமுறை மட்டும் அந்தப் பக்கம் வந்து போனது. 1914 டிசம்பர் 8 அன்று, தளபதி ஷ்பே தலைமையிலான ஜெர்மானியக் கப்பற்படைப் பிரிவைப் பிரிட்டிஷ் கப்பல்கள் தீவுகளுக்கு அருகே முறியடித்தன. அதே பிரிவிலிருந்து ஆகஸ்டில் பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்த கப்பல்தான் செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு வீசி, தமிழுக்கு ‘எம்டன்’ என்ற சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனது.

காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற 1960களில் வழக்கு ஐ.நா.வுக்கு வந்தது. 1965 டிசம்பரில் பொதுச்சபை நிறைவேற்றிய 2065ஆம் தீர்மானம், இரு அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டும் என்றது. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. அந்தத் தீர்மானத்தில், பேச்சின்போது தீவு மக்களின் ‘நலன்களை’ மனத்தில் கொள்ள வேண்டும் என்ற ஒரு தொடர் இருக்கிறது. அறுபது ஆண்டுகளாக இந்தச் சச்சரவு சுற்றுவது அந்தச் சொல்லைத்தான். நலன் என்பது வெளியிலிருந்து ஒருவர் கணித்துச் சொல்லக்கூடியது. மொழி, நிலம், வாழ்க்கைமுறை ஆகியவற்றுக்கு உறுதி தந்துவிட்டால் போதும், கொடி மாறலாம் என்று அர்ஜென்டினா அதைப் படித்தது. விருப்பம் என்பது சம்பந்தப்பட்டவரைக் கேட்டால் மட்டுமே தெரிவது. மக்களின் விருப்பமே முடிவானது, அதுவே சுயநிர்ணய உரிமை என்று பிரிட்டன் பிடிவாதம் பிடித்தது. ஆனால் லண்டன் எப்போதும் அப்படிப் பேசியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1968இல் வில்சன் அரசு தயாரித்த ஒரு குறிப்பாணை, தீவு மக்களின் நலன்களுக்கு உறுதி கிடைத்தால் அர்ஜென்டினாவின் இறையாண்மையை ஏற்கலாம் என்ற அளவுக்குப் போயிருந்தது. நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பில் அது கைவிடப்பட்டது.

அதன்பின் வந்தவை, இப்போது திரும்பிப் பார்க்கையில் வியப்பூட்டும் ஆண்டுகள். 1971 உடன்பாட்டின்படி அர்ஜென்டினா தீவுக்கு விமானப் போக்குவரத்து தொடங்கியது, எரிபொருள் கொடுத்தது, தீவுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிடமும் நோயாளிகளுக்கு மருத்துவமனைப் படுக்கையும் தந்தது. ஐந்தாண்டு முன்பு, 1966இல், ஓர் அர்ஜென்டின இளைஞர் குழு விமானத்தைக் கடத்தி வந்து ஸ்டான்லியின் குதிரைப் பந்தயத் திடலில் இறக்கியிருந்ததைத் தீவினர் மறக்கவில்லை என்றாலும், பழக்கம் மெல்ல வளர்ந்தது. பிரிட்டனுக்கோ தூரத்துத் தீவு ஒரு செலவுக் கணக்கு மட்டுமே. 1980இல் அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லி ஸ்டான்லிக்கே போய் ஒரு யோசனையை முன்வைத்தார். இறையாண்மையை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்துவிட்டு, ஆட்சியை நீண்ட காலக் குத்தகையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஹாங்காங்கின் புதிய நிலப்பகுதி குத்தகையில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. தீவினர் பலர் கொதித்தார்கள். டிசம்பரில் நாடாளுமன்றத்தில் எல்லாக் கட்சியினரும் ரிட்லியைப் பிய்த்தெடுத்தார்கள். யோசனை செத்தது.

மக்களைக் கைவிட மாட்டோம் என்று அவையில் முழங்கிய அதே நாடு, 1981இல் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் அந்த மக்களில் ஒரு பகுதியினரின் முழுக் குடியுரிமையைப் பறித்தது. அதே ஆண்டு பாதுகாப்புச் செலவைக் குறைக்கும் திட்டத்தில், அந்தக் கடலில் நின்ற எண்டூரன்ஸ் என்ற ஒரே ரோந்துக் கப்பலையும் திரும்பப் பெற முடிவுசெய்தது. பியூனஸ் அயர்ஸில் இருந்தவர்கள் இவற்றை எப்படிப் படித்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல.

அங்கே 1976 முதல் ராணுவக் குழுவின் ஆட்சி. ஆயிரக்கணக்கானோர் காணாமல் போக்கடிக்கப்பட்டிருந்தார்கள், பொருளாதாரம் நொறுங்கியிருந்தது. 1981 டிசம்பரில் பதவிக்கு வந்த ஜெனரல் கால்டியெரிக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது. 1982 மார்ச் 19இல் தென் ஜார்ஜியாவின் பழைய திமிங்கில ஆலையில் பழைய இரும்பு எடுக்க வந்த அர்ஜென்டினத் தொழிலாளர் கூட்டம் தம் நாட்டுக் கொடியை ஏற்றியதில் உரசல் தொடங்கியது. மார்ச் 30இல் பியூனஸ் அயர்ஸில் தொழிற்சங்கங்கள் ஆட்சிக்கெதிராகத் தெருவில் இறங்கி அடிபட்டன. மூன்றே நாளில், ஏப்ரல் 2 அன்று, படைகள் ஸ்டான்லியில் இறங்கின. அரசை வைத நகரமே அன்று மாயோ சதுக்கத்தில் திரண்டு ஆர்ப்பரித்தது.

மறுநாளே ஐ.நா. பாதுகாப்புச் சபை 502ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு பத்து, எதிர்ப்பு பனாமா மட்டும். சோவியத் ஒன்றியமும் சீனாவும் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தாமல் ஒதுங்கின. படைகள் உடனே வெளியேற வேண்டும், பிறகு பேச வேண்டும் என்பதே அதன் சாரம். பொதுச்சபையில் வலுவாக இருந்த அர்ஜென்டினாவின் வழக்கு, துப்பாக்கி ஏந்திய மறுகணம் பலவீனமாகிவிட்டது. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் காரிங்டன் பதவி விலகினார். பிரதமர் மார்கரெட் தாட்சர் கப்பற்படையை அனுப்பினார். பாதி வழியில் அசென்ஷன் தீவு மட்டுமே தங்குமிடம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹெய்க் லண்டனுக்கும் பியூனஸ் அயர்ஸுக்கும் மாறி மாறிப் பறந்தார், பயனில்லை. ஏப்ரல் 30இல் அமெரிக்கா வெளிப்படையாகப் பிரிட்டன் பக்கம் சேர்ந்தது.

மே 2ஆம் தேதி பிரிட்டிஷ் அணுசக்தி நீர்மூழ்கியான காங்கரர், ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் மாண்டார்கள். பிரிட்டன் அறிவித்திருந்த 200 கடல் மைல் விலக்கு வட்டத்துக்கு வெளியே, கரையை நோக்கிய திசையில் அது சென்றுகொண்டிருந்ததால் அந்தக் கட்டளை சரிதானா என்ற கேள்வி பிரிட்டனிலேயே ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. பெரு நாட்டின் அதிபர் அப்போது முன்வைத்திருந்த சமரசத் திட்டமும் அந்தக் கப்பலோடு மூழ்கியது. இரண்டு நாள் கழித்து, பிரெஞ்சுத் தயாரிப்பான எக்சோசெட் ஏவுகணை ஷெஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலைத் தாக்கியது. 20 பேர் இறந்தார்கள். பெல்கிரானோவுக்குப் பிறகு அர்ஜென்டினக் கடற்படை துறைமுகம் திரும்பிவிட, சண்டையை விமானிகளே சுமந்தார்கள். தாழப் பறந்து வந்து அவர்கள் அடித்த அடி கடுமையானது. மே 25இல் தாக்குண்டு பின்னர் மூழ்கிய அட்லாண்டிக் கன்வேயர் சரக்குக் கப்பலோடு ஒன்றைத் தவிர எல்லா சினூக் ஹெலிகாப்டர்களும் போயின. அதனால்தான் மே 21இல் சான் கார்லோஸ் விரிகுடாவில் இறங்கிய பிரிட்டிஷ் வீரர்களில் பலர் முதுகில் மூட்டையோடு தீவின் குறுக்கே ஈரப் புல்வெளியில் நடந்தே ஸ்டான்லியை அடைய வேண்டியதாயிற்று. எதிரே குளிரில் நடுங்கியபடி பதுங்குகுழிகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த இளைஞர்கள்.

கூஸ் கிரீன், லாங்டன் குன்று, டம்பிள்டவுன் என்று ஒவ்வோர் இடமாகச் சண்டையில் விழுந்தது. ஜூன் 14 அன்று ஜெனரல் மெனெண்டஸ் சரணடைந்தார். 74 நாளில் அர்ஜென்டினர் 649 பேர், பிரிட்டிஷார் 255 பேர், தீவுவாசிகள் மூவர் உயிரிழந்தார்கள். அந்த மூவரும் பெண்கள். பிரிட்டிஷ் பீரங்கிக் குண்டுக்கே பலியானார்கள். பிரிட்டிஷ் படையின் தலைமைக் கப்பலாக நின்ற ஹெர்மிஸ் பின்னர் இந்தியாவுக்கு விற்கப்பட்டு, 1987இல் ஐ.என்.எஸ். விராட் ஆகி, 2017 வரை நம் கடற்படையில் இருந்தது.

போர் இரு நாட்டு அரசியலையும் புரட்டியது. கால்டியெரி சில நாளில் வீழ்ந்தார்; 1983 இறுதியில் அர்ஜென்டினாவில் மக்களாட்சி திரும்பியது. தாட்சர் அதே ஆண்டுத் தேர்தலில் பெரும் வெற்றி பெற்றார். ஆனால் பேச்சுவார்த்தைக்கு ஏற்பட்ட சேதமே பெரிது. 1980வரை பிரிட்டிஷ் அதிகாரிகள் தீவைக் கைகழுவ வழி தேடிக்கொண்டிருந்தார்கள். 255 பேரைப் புதைத்த பிறகு எந்தப் பிரதமரும் குத்தகை என்ற சொல்லை உச்சரிக்க முடியாமற் போனது. தீவுவாசிகளுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது. 1985இல் மவுண்ட் பிளெசன்ட் விமானத்தளம் திறக்கப்பட்டது. அன்று முதல் அங்கே பிரிட்டிஷ் படை நிரந்தரமாக இருக்கிறது. பலத்தால் எடுக்க முயன்ற ராணுவக் குழு, பேச்சால் என்றாவது கிடைத்திருக்கக்கூடியதையும் தன் நாட்டுக்கு இல்லாமல் செய்துவிட்டது.

தீவும் மாறியது. 1986 இறுதியில் தீவுகளைச் சுற்றி மீன்பிடி வலயம் அறிவிக்கப்பட்டு, வெளிநாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் விற்கத் தொடங்கியதும் ஆட்டுக் கம்பளியை நம்பியிருந்த ஏழைக் காலனி வளம் கண்டது. வலையில் விழுவது பெரும்பாலும் கணவாய். ஐரோப்பிய உணவகங்களின் தட்டுக்குப் போகிறது. பாதுகாப்பும் வெளியுறவும் தவிர மற்ற எல்லாவற்றையும் எட்டு உறுப்பினர் கொண்ட சட்டமன்றம் பார்த்துக்கொள்கிறது. சிலி, பிலிப்பைன்ஸ், செயின்ட் ஹெலினா, ஜிம்பாப்வே எனப் பல நாட்டவர் குடியேறியிருக்கிறார்கள். ஜிம்பாப்வேக்காரர் பலர் வந்தது போர் புதைத்துவைத்த கண்ணிவெடிகளை அகற்ற; அந்த வேலை 2020இல்தான் முடிந்தது.

அர்ஜென்டினாவுக்கோ இது ஆறாத புண். 1994இல் திருத்தப்பட்ட அரசமைப்புச் சட்டம் தீவுகளை மீட்பதை விட்டுக்கொடுக்க முடியாத நோக்கமாக எழுதிவைத்திருக்கிறது. ஏப்ரல் 2 பொது விடுமுறை. பள்ளி வரைபடத்தில் தீவுகள் தியெரா தெல் ஃபுவேகோ மாகாணத்தைச் சேர்ந்தவை. 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒன்றும் காலால் ஒன்றும் போட்ட கோல்களை அந்நாட்டார் வெறும் விளையாட்டாக நினைப்பதில்லை.

உறவு மட்டும் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. 1989இல் மாட்ரிட்டில் ஒரு சூத்திரம் கண்டார்கள். இறையாண்மைக் கேள்வியை ஒருபுறம் நிறுத்திவிட்டு மற்றவற்றைப் பேசலாம். எதைப் பேசினாலும் யாருடைய உரிமையும் குறையாது. அதன் பேரில் 1990இல் தூதரக உறவு மீண்டது. 1995இல் எண்ணெய்த் துரப்பண ஒப்பந்தமும், 1999இல் அர்ஜென்டினர் தீவுக்கு வர அனுமதியும் வந்தன. 2007இல் எண்ணெய் ஒப்பந்தத்தை அர்ஜென்டினா முறித்தது. 2010இல் தீவுகளின் வடக்கே சீ லயன் என்ற வயலில் எண்ணெய் கண்டறியப்பட்டது; அந்த ஆண்டு சூடும் ஏறியது. தீவுக்குப் போகும் கப்பல்கள் தன் அனுமதி பெற வேண்டும் என்றது அர்ஜென்டினா. அடுத்த ஆண்டு, தென் அமெரிக்க வணிகக் கூட்டமைப்பான மெர்கோசுரின் நாடுகள் ஃபாக்லாந்துக் கொடி பறக்கும் கப்பல்களைத் தம் துறைமுகங்களில் அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தன. தீவினர் 2013 மார்ச்சில் பொது வாக்கெடுப்பு நடத்திப் பதில் சொன்னார்கள். வாக்களித்தோர் 92 விழுக்காடு. பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியாகவே நீடிக்க விரும்பியோர் 99.8 விழுக்காடு, வேண்டாம் என்றவர்கள் மூன்று பேர். இடம்பெயர்த்து நட்டுவைத்த மக்கள் தம் ஊர் யாருடையது என்று தாமே தீர்ப்பெழுத முடியாது என்று பியூனஸ் அயர்ஸ் அதை ஒதுக்கியது. நலனா, விருப்பமா என்ற பழைய கேள்விக்கே திரும்ப வந்தாயிற்று.

மனிதர் மட்டத்தில் ஒரு காரியம் நடந்தது. டார்வின் என்ற இடத்தில் அர்ஜென்டின வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதில் 121 கல்லறைகளில் பெயர் இல்லாதிருந்தது. கடவுளுக்கு மட்டுமே தெரிந்த அர்ஜென்டின வீரர் என்ற வாசகம் மட்டும். 2016இல் இரு நாடுகளும் ஒத்துக்கொண்டபடி செஞ்சிலுவைச் சங்கம் அடுத்த ஆண்டு மரபணுச் சோதனை தொடங்கியது. இதுவரை நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது. அந்த 2016 உடன்பாட்டிலிருந்து விலகுவதாக அர்ஜென்டினாவின் வெளியுறவு அமைச்சர் 2023 மார்ச்சில் பிரிட்டிஷ் அமைச்சரிடம் நேரில் சொன்ன இடம் புது டில்லி. ஜி-20 கூட்டத்துக்கு இருவரும் வந்திருந்தார்கள். அரசு மாறிய பின், 2024 செப்டம்பரில், விமானச் சேவையையும் உறவினர் கல்லறைக்குச் செல்லும் பயணத்தையும் மீண்டும் தொடங்க இரு தரப்பும் இசைந்தன.

ஐ.நா.வின் காலனி நீக்கக் குழு ஆண்டுதோறும் கூடி, இருவரும் பேச வேண்டும் என்று தீர்மானம் போடுகிறது. தீவின் சட்டமன்ற உறுப்பினர்கள் நியூயார்க் போய், எங்களைக் கேட்காமல் எதைப் பேசுவீர்கள் என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். 2025 ஏப்ரல் 2 நினைவு நாளில் அர்ஜென்டின அதிபர் ஹவியே மிலே, தீவுவாசிகள் ஒருநாள் தாமாகவே அர்ஜென்டினாவைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அந்நாடு உயர வேண்டும் என்று பேசினார். கேட்பதற்கு இதமான பேச்சு. ஆனால் உள்நாட்டில் எதிர்க்கட்சியினரும் முன்னாள் போர் வீரர்களில் சிலரும் கொதித்தெழுந்தார்கள். மக்களின் விருப்பத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னாலே, இத்தனை ஆண்டாக எதிர்த்துவந்த பிரிட்டனின் வாதத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு.